பத்து மாதமும் வீட்டார் அனைவரின் பொறுப்பு

தாய்மையைப் போற்றுவதில் தமிழர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். கத்தோலிக்கத் தமிழராகிய நாமோ, அன்னை மரியாளின் பிள்ளைகள் என்னும் உரிமையால் அதனை இருமடங்காகச் செய்கின்றோம். மே மாதம் வந்தால் அன்னையின் வணக்கமாதம். செப்டம்பர் 8 வந்தால் அவர் பிறந்த பெருவிழா. அக்டோபர் வந்தால் செபமாலை. ஆயினும், நம் இல்லத்தில் கருவுற்றிருக்கும் மகளோ மருமகளோ இன்று காலை என்ன உண்டாள், எத்தனை குடம் நீர் சுமந்தாள், பேருந்தில் அமர்ந்து சென்றாளா, நின்றே சென்றாளா என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் உடனே விடை கூறுவோம்?

வடசென்னையின் எம்.கே.பி. நகரை எடுத்துக்கொள்வோம். மகாகவி பாரதி நகர் என்பது அதன் முழுப்பெயர். வியாசர்பாடியையும் கொடுங்கையூரையும் ஒட்டி, உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதி அது. பெரம்பூர் பின்னி ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அந்த ஆலைச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையில், பெண்களும் வேலைக்குச் செல்வது இயல்பாகிவிட்டது. பாரிமுனைக் கடைகள், தையற்கூடங்கள், மருத்துவமனைகள், அலுவலகங்கள், பிறர் இல்லங்கள் என அவர்கள் செல்லும் இடங்கள் பல. அவர்களுள் கருவுற்ற ஒரு சகோதரியின் நாள் எவ்வாறு கழிகின்றது?

விடியுமுன் எழுகிறாள். குழாயில் நீர் வரும் நேரம் தவறினால் அன்றைய பாடு திண்டாட்டம். குடத்தை இடுப்பில் ஏந்தி மாடிப்படி ஏறுகிறாள். காற்றோட்டம் குறைந்த சிறு அடுப்படியில் வீட்டார் அனைவருக்கும் சமைக்கிறாள். கணவருக்கும் மூத்த பிள்ளைக்கும் டிபன் பாக்ஸ் கட்டி முடிக்கையில் மணி எட்டாகிவிடுகிறது. தான் உண்ண நேரமில்லை. ஒரு குவளை காப்பியைக் குடித்துவிட்டு ஓடுகிறாள். பேருந்து நிறுத்தத்திலோ வியாசர்பாடி ஜீவா இரயில் நிலையத்திலோ நெருக்கடி. மாலையில் திரும்பியதும் மீண்டும் அதே அடுப்படி. இரவில் எல்லோரும் உண்ட பின் எஞ்சியதே அவள் பங்கு. இதனை யாரும் கொடுமை என்று கருதுவதில்லை. வழக்கம் என்றே கருதுகின்றனர். வழக்கம் என்ற பெயரால் நடப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதில் உள்ள இடர்.

மருத்துவமனை செய்ததும் வீடு செய்யாததும்

தேசிய குடும்பநல ஆய்வு 2019-21 தரும் இரு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். தமிழகத்தில் நிகழும் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. நம் வடசென்னைக்கோ, பல தலைமுறைகளின் பிறப்பைக் கண்ட இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. இது பெருமைக்குரிய செய்தி. ஆனால் அதே ஆய்வின்படி, தமிழகத்தில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினர்க்கு இரத்தச்சோகை இருந்தது. அஃதாவது, ஏறத்தாழ இருவரில் ஒருவர்.

இதன் பொருள் யாது? பேறுகால நாளில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க நாம் கற்றுக்கொண்டோம். அதற்கு முந்தைய பத்து மாதமும் அவளுக்கு ஊட்ட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்ற தாய்க்கு அது இரத்தச்சோகை. அத்தாய் பேற்றின்போது சிறிது இரத்தம் இழந்தாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம்; குழந்தை குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறக்கலாம். மருத்துவர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய குறையன்று இது. அடுப்படியில், நாள்தோறும், மெல்ல மெல்லச் சரிசெய்ய வேண்டியது.

எளிய உணவே ஏற்ற உணவு

விலையுயர்ந்த டப்பா மாவுகளை நாடி ஓட வேண்டுவதில்லை. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை, கேழ்வரகு ஆகியவை எளிய குடும்பத்துக்கும் எட்டுபவை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. காசிமேட்டுக் கரைக்கு அண்மையில் வாழும் நமக்கு நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்கள் இறைவன் தந்த வரம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி என்பதால் அளவோடு நிறுத்துக.

உணவோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறைகின்றது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் நன்று. மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றுள் ஒன்று உணவோடு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு சேர்கின்றது. அரசு நிலையங்களில் விலையின்றி அளிக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்கள் தவறாது உட்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்சி நிறுத்துவோர் பலர். அது மாத்திரையின் இயல்பே, தீங்கன்று. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதே வேளையில் சேர்த்து விழுங்கலாகாது.

"இருவருக்காக உண்" என்று பெரியோர் அன்போடு சொல்வதுண்டு. உண்மையில், நான்காம் மாதத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு குவளை பாலும் ஒரு வாழைப்பழமும் அதனை ஈடுசெய்யும். அளவை இரட்டிப்பதைவிட, அவள் தட்டில் பருப்பும் கீரையும் மீனும் முதலில் விழுவதே முக்கியம். குங்குமப்பூ குழந்தையைச் சிவப்பாக்கும் என்பதும், கனிந்த பப்பாளியின் ஒரு துண்டு கருவைக் கலைக்கும் என்பதும் ஆதாரமற்ற நம்பிக்கைகள். பால் வடியும் பப்பாளிக் காயைத் தவிர்த்தல் போதும்.

பக்தியின் பெயராலும் உடலை வருத்துதல் ஆகாது. தவக்கால உண்ணா நோன்பினின்று நோயாளரையும் கருவுற்றோரையும் திருச்சபையின் மரபு விலக்கி வைக்கின்றது. ஆகஸ்டு மாதத்தில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்படும் குடும்பங்கள், கருவுற்ற தாயை வீட்டில் இருந்தே செபமாலை சொல்லச் செய்க. அன்னை அதனையும் ஏற்பார்.

போகும் வழியும் வேலைத்தலமும்

2021 மே மாதத்தில், மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிற்று. உழைக்கும் தாயின் பணப்பைக்கு அது பெரும் உதவி. ஆயினும் கட்டணமில்லாப் பேருந்தில் இருக்கை தருவது அரசன்று, நாமே. கருவுற்றவள் ஏறினால் எழுந்து இடம் தருவது ஞாயிறு திருப்பலியில் பெற்ற நற்கருணைக்கு நாம் கூறும் திங்கட்கிழமை "ஆமென்" ஆகும்.

வேலைத்தலத்தில் கழிப்பறை வசதியின்மையால், நீர் அருந்தாமலே நாளைக் கழிக்கும் பெண்கள் பலர். கருவுற்ற காலத்தில் இது சிறுநீர்த் தொற்றுக்கு இடந்தரும். தொற்று முற்றினால் குறைமாதப் பேறும் நேரலாம். வெப்பமும் அத்தகைய பகைவனே. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கருவுற்ற பெண்களிடையே நடத்திய ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. கடும் வெப்பத்தில் வேலை செய்வோர்க்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆகியவற்றின் வாய்ப்பு இருமடங்காகிறது என்று அது காட்டிற்று. எனவே நீர்க்குப்பியும் நிழலும் இடையிடையே ஓய்வும் சொகுசல்ல, மருந்து.

சட்டம் தரும் உரிமைகளையும் அறிந்துகொள்வோம். 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 12 வார ஊதிய விடுப்பை அளித்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 26 வாரமாக உயர்த்திற்று. ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ள தாய்க்கு 12 வாரம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்வுரிமை தொடர்கின்றது. முந்தைய ஓராண்டில் 80 நாட்கள் பணிசெய்திருத்தல் வேண்டும். பேறுகாலத்துக்கு முந்தைய ஏறத்தாழ பத்து வாரங்களில், நெடுநேரம் நிற்கும் வேலையோ கடும் உழைப்போ தரவேண்டாம் என்று தாய் கேட்டால், முதலாளி அதனைத் தரலாகாது. கடைகளில் பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021-இல் தமிழகம் தனியே சட்டம் இயற்றியுள்ளது.

ஆனால், சிறு தையற்கூடத்தில் ஐந்தாறு பேரோடு வேலை செய்பவளுக்கும், நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கித் தரை துடைப்பவளுக்கும் அந்த விடுப்புச் சட்டத்தின் நிழல் எட்டுவதில்லை. இங்கேதான் நம் மனச்சான்று சோதிக்கப்படுகின்றது. நம் மகளுக்கு 26 வார விடுப்பு வேண்டும் என்று வாதாடும் நாம், நம் வீட்டில் வேலை செய்யும் சகோதரி கருவுற்றால், "வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம் அல்லவா? அவளுக்கு ஓரிரு மாதச் சம்பளத்தோடு ஓய்வு தந்து, வேலையையும் காத்து வைப்பதற்குச் சட்டம் தேவையில்லை, நற்செய்தி போதும். மேலும், வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்யவும், ரூ.18,000 மதிப்புள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியைப் பெறவும் அவளுக்குத் துணைநிற்கலாம். கருவுற்றது உறுதியானவுடன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து பதிவு எண் பெறுதல் இவற்றுக்கெல்லாம் முதற்படி. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் தேவை.

உழைத்த தாய் ஒருத்தி புனிதையானாள்

வேலைக்குச் செல்லும் தாய் தாய்மையில் குறைந்தவள் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் புனித ஜான்னா பெரெட்டா மோல்லாவை நினைத்தல் வேண்டும். 1922-இல் இத்தாலியில் பிறந்த இவர் குழந்தை மருத்துவர். மணமான பின்னரும் தம் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். நான்காம் குழந்தையைக் கருவில் சுமந்தபோது கருப்பையில் கட்டி தோன்றியது. சிசுவின் உயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாய் நின்றார். 1962 ஏப்ரல் 21-இல் மகள் பிறந்தாள். 28-இல் தாய் இறந்தார். 2004 மே 16-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இவரைப் புனிதராக உயர்த்தினார். இவருடைய தியாகத்தைப் புகழும் நாம், தியாகம் தேவைப்படாத இடத்தில் தியாகத்தை வேண்டுதல் நேர்மையாகாது. இரத்தச்சோகையால் ஒரு தாய் மடிவது புனிதமன்று, நம் கவனக்குறைவு.

எனவே குடும்பத்தார் சிலவற்றை உறுதி பூணுவோம். கருவுற்றவளுக்கே முதல் தட்டு. நீர்க்குடமும் எரிவாயு உருளையும் ஆண்களின் கைக்கு. வாரத்தில் சில நாட்களேனும் காலைச் சமையல் கணவருடையது. மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும் நாளில் வீட்டார் ஒருவர் உடன் செல்லுக. தலைவலியோடு கண் மங்குதல், முகம் வீங்குதல், இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வானதூதரின் செய்தியைப் பெற்ற மரியன்னை, முதிர்வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தைக் காண யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்தார் என்று புனித லூக்கா எழுதுகின்றார். வாழ்த்தைச் சொல்லிவிட்டு அன்றே திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் அவ்வீட்டில் தங்கினார். அம்மூன்று மாதத்தில் அவர் என்ன செய்தார் என்று நற்செய்தி விரித்துரைக்கவில்லை. நீர் மொண்டிருப்பார், மாவு அரைத்திருப்பார், அடுப்பு மூட்டியிருப்பார் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை. அன்னைக்குச் சூட்டும் மாலையோடு, நம் அண்டை வீட்டில் கருவுற்றிருப்பவளின் கையிலுள்ள குடத்தையும் வாங்கிக்கொள்வோமாக.