காடு வெட்டியவர்களைத் தேடி

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்து மக்கள் கூடுவது மட்டும் நிற்கவில்லை. கோயில் திருவிழாவிலோ தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவிலோ சந்திக்கும்போது, ஊர் வரலாற்றை ஒரு மலராகப் போடலாமே என்ற பேச்சு எழுகிறது. பாட்டன் பூட்டன் காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கதையில்தான் அந்த மலர் தொடங்கும். அதற்குச் சான்று எங்கே?

மரத்தைப் பற்றிய சான்றுக்குப் பஞ்சமே இல்லை. அரசுக்கு மரம் வருமானம். ஆகவே எழுதி வைத்தார்கள். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கி, 1890இல் கிள்ளானை எட்டியது. எஞ்சினுக்கு விறகு வேண்டும், தண்டவாளத்துக்குச் செங்கால் போன்ற வைர மரத்தில் சிலிப்பர் கட்டை வேண்டும். ஈயம் உருக்கக் கரி வேண்டும். 1881 தீ விபத்துக்குப் பிறகு கோலாலம்பூர் செங்கல்லுக்கு மாறியபோது பிரிக்பீல்ட்ஸ் சூளைகளும் விறகைத்தான் தின்றன. கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் பயன்பட்ட பாலுக்காகக் கெத்தா தாபான் மரங்களை வெட்டிச் சாய்த்தே அருக வைத்தார்கள். நிலைமையை ஆராய இந்திய வனத்துறையிலிருந்து வந்த எச்.சி. ஹில் 1900இல் அறிக்கை தந்தார். 1901இல் பர்ன்-மர்டாக் தலைமை வன அதிகாரியானார். அதன்பின் உரிமம், கட்டணம், ஒதுக்கு வனம் எல்லாம் கோப்பேறின.

தேடலைத் தொடங்க நல்ல இடம் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1957 டிசம்பரில் தோன்றிய அந்நிறுவனத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. மரம் வெட்ட அனுமதி கேட்ட கடிதம், நில விண்ணப்பம், கூலித் தகராறு என்று பலவும் அவற்றில் கலந்து கிடக்கும். காடு என்ற ஒரே தலைப்பில் தேடி நிறுத்திவிடக் கூடாது. ரயில், நிலம், தொழிலாளர் கோப்புகளையும் புரட்ட வேண்டும்.

அடுத்தது கெப்போங் வன ஆய்வுக் கழகம். ஈயம் தோண்டி வெறுமையாகிப் போன நிலத்தில் 1920களில் ஃபாக்ஸ்வர்த்தி என்ற வனவியலாளர் மரம் நடத் தொடங்கியதில் பிறந்தது இது. அழிந்த மண்ணில் வளர்த்தெடுத்த அந்தக் காட்டை 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதன் நூலகமும் மர மாதிரிச் சேகரிப்பும் பழைய வன அறிக்கைகளைப் படிக்கப் பெரிதும் உதவும். வெட்டுமுன் காடு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, கோலாலம்பூர் நடுவிலேயே புக்கிட் நானாஸ் காடு இருக்கிறது. 1906இல் ஒதுக்கு வனமாக்கப்பட்டதில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 9 ஹெக்டர்.

பழைய நாளிதழ்களைத் தேடச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இலவச இணையத் தொகுப்பு போதும். தமிழ் முரசும், 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் அதில் உண்டு.

இத்தனையிலும் ஒரு குறை உறுத்துகிறது. மரத்தின் இனம், அளவு, விலை எல்லாம் பதிவாகியிருக்கும். கோடரி பிடித்தவர் பெயரோ பெரும்பாலும் இருக்காது. ‘கூலிகள்’ என்று ஓர் எண்ணிக்கைதான். இன்னொன்றையும் கோப்புகள் காட்டும். பெருமரங்களைச் சாய்க்கும் குத்தகையைப் பல தோட்டங்களில் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் சீனரும் எடுத்தார்கள். எரித்த காட்டைத் துப்புரவாக்கியது, வடிகால் வெட்டியது, கன்று நட்டது, களை எடுத்தது, சாலையும் தண்டவாளமும் போட்டது ஆகியவற்றில்தான் தமிழர் உழைப்பு பெருவாரியாக இறங்கியது. கேரித் தீவின் மா மெரி மக்களைப் போன்ற ஓராங் அஸ்லிகளுக்கோ அந்தக் காடு வாழிடம். மலரில் இவர்களுக்கும் பக்கம் ஒதுக்குவதே நியாயம். அதனால் நம் முன்னோர் பட்ட பாடு ஒரு துளியும் குறைந்துவிடாது.

பெயர்கள் வேண்டுமென்றால் வீடுகளுக்குத்தான் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, கோயில் வரிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்ட கிராணியின் குடும்பம் என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; முதலில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்வது நல்லது, கோப்புகள் காத்திருக்கும். அவர்களிடம் தோட்டத்தின் பெயரை இரண்டு விதமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: சனங்கள் தமிழில் அழைத்த பெயர் ஒன்று, கம்பெனிப் பலகையில் இருந்த பெயர் இன்னொன்று. காப்பகத்தின் பட்டியலில் இரண்டாவது பெயரில் தேடினால்தான் கோப்பு அகப்படும்.