புல்லை நம்பிய சில்லை

வயல் வரப்பிலும் காலிமனைப் புல்லிலும் கூட்டமாக இறங்கும் பழுப்புக் குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். பலரும் சிட்டுக்குருவி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது புள்ளிச் சில்லையாக இருக்கலாம். தினைக்குருவி என்றும் சொல்வார்கள்.

சிட்டுக்குருவியைவிடச் சிறியது, 11, 12 செ.மீ. நீளம்தான். முதுகு பழுப்பு, முகமும் தொண்டையும் அடர்ந்த செம்பழுப்பு. வெள்ளை மார்பிலும் விலாவிலும் மீன்செதில் போலக் கரும்பழுப்புக் கோடுகள் அடுக்கடுக்காக இருக்கும். இளம்பறவைக்கு இந்தச் செதில் கிடையாது. உடல் முழுக்க ஒரே வெளிர்பழுப்பு. அதனால் கூட்டத்தில் வெறும் பழுப்பாக நிற்பதை வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆணையும் பெண்ணையும் நிறத்தை வைத்துப் பிரிப்பது கடினம். பாட்டுதான் அடையாளம், பாடுவது ஆண். ஆனால் அந்தப் பாட்டு மிக மெலிது. அலகு அசைவதும் தொண்டை துடிப்பதும் கண்ணுக்குத் தெரியும்; சில அடி தள்ளி நின்றாலே காதுக்கு எட்டாது.

இந்தப் பறவையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளப் புல்விதையிலிருந்து தொடங்க வேண்டும். கூம்பாகத் தடித்த அலகு உமியை நீக்கி அரிசியை எடுக்க ஏற்றது. எடை குறைவு என்பதால் ஆடும் புல்தண்டையே பற்றிக்கொண்டு கதிரில் கொத்தும். கினிப்புல் முற்றி நிற்கும் இடத்தில் இதைத் தேடிப் பாருங்கள். நெல்லையும் தின்னும், உண்மைதான். அதோடு களைப்புல்லின் விதையையும் தின்கிறது. அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

புல்விதை ஓரிடத்தில் குவிந்திருக்கும், அடுத்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. அதனால் பல கண்கள் சேர்ந்து தேடுவது நல்லது. ஒரு கூட்டத்தில் நூறு பறவைகள்கூட இருக்கும். கனடாவின் மான்ட்ரீலில் லுக்-அலென் ஜிரால்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தச் சில்லைகளைக் கூண்டில் வைத்து ஆராய்ந்து, 2001-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தலையைக் கீழே தாழ்த்தித் தத்துகிற பறவை தானே இரை தேடுகிறது. தலையை நிமிர்த்தித் தத்துகிற பறவை, யார் கண்டெடுத்தார்கள் என்று பார்த்து அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறது. அடுத்த முறை ஒரு கூட்டம் தரையில் மேயும்போது தலைகளைக் கவனியுங்கள்.

கூடும் புல்தான். முள்மரத்திலோ புதரிலோ நீளப் புல்லையும் மூங்கில் இலையையும் சேர்த்துப் பெரிய பந்தாகக் கட்டும். வாசல் பக்கவாட்டில் இருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டும், அடையும் காக்கும். வழக்கமாக 4 முதல் 6 வெள்ளை முட்டைகள். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சி ஊட்டும். சில்லையோ தொண்டைப்பையில் ஊறிய விதையைக் கக்கி ஊட்டும். குஞ்சுக்குப் பால் பிடித்த இளம்விதை வேண்டும். அது மழைக்குப் பிறகுதான் கிடைக்கும். இனப்பெருக்கம் மழையை ஒட்டி வருவதன் காரணம் இதுதான்.

புள்ளிச் சில்லையைக் கூண்டில் வைத்து விற்பதையும், சாயம் பூசி வேறு பறவை போல விற்பதையும் பார்க்கிறோம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கடையில் கிடைக்கும் பெங்காலிஸ் பிஞ்ச் வேறு. அது வெண்முதுகுச் சில்லையின் வழிவந்து, ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்க்கப்பட்ட இனம். காட்டுச் சில்லையை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை வலை விரிப்பவரும் இருப்பார்.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. வரப்போரத்துப் புல்லையும் காலிமனைப் புல்லையும் 'சுத்தம்' என்ற பெயரில் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறோம். வேலிப்பக்கம் ஒரு பட்டைப் புல்லையாவது கதிர் முற்றி விதை உதிரும்வரை விட்டுவையுங்கள். சில்லைக்குத் தீனியும் கூடு கட்டும் பொருளும் அந்த ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இதற்குப் பணம் வேண்டாம். அரிவாளைச் சில வாரம் தள்ளிப்போட்டால் போதும்.