கால் எட்டாத பைக்

அக்கா மகள் தன் முதல் வருடச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய வண்டி யமஹா ஆர்15. அவள் உயரம் 152 செ.மீ. ஷோரூமில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. "பழகிடும் மாமா" என்றாள். பழகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு சிக்னலில் இடது காலை ஊன்றினாள். அந்த இடத்தில் சாலையோரம் சரிந்திருந்தது. வண்டி மெதுவாக, வெகு மரியாதையாக, அவளையும் அழைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அடி ஒன்றுமில்லை. கிளட்ச் லீவர் உடைந்தது. மானம் கொஞ்சம் போனது.

மறுநாளே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டாள். பின்பக்கத்தை இறக்கிக் கொடுத்தார். ஓட்டிவந்து வாசலில் சைடு ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கத் திரும்பினாள், அவ்வளவுதான், வண்டி மறுபடியும் கீழே. இந்த முறை வலது பக்கமாக! ஸ்டாண்ட் இருப்பதோ இடது பக்கம். அந்த இரண்டாவது விழுகைதான் என்னை டேப்பும் பேப்பருமாக உட்கார வைத்தது.

முதல் விழுகையை முதலில் பார்ப்போம். ஆர்15-இன் எடை ஏறத்தாழ 142 கிலோ. அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 5 டிகிரி சாய்ந்தால், ஹேண்டில்பார் உயரத்தில் அதைத் தாங்க 7 கிலோ எடைக்கான விசை போதும். ஒரு தண்ணீர்க் குடத்தைவிடக் குறைவு. 15 டிகிரி சாய்ந்துவிட்டால் அதே கைகள் 20 கிலோ தாங்க வேண்டும். கால் நீளமானவர்கள் முதல் இரண்டு மூன்று டிகிரியிலேயே பாதத்தை ஊன்றித் தடுத்துவிடுகிறார்கள். குட்டையானவரின் கால் தரையைத் தேடி அடையும்போது சாய்வு அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். உடல் பலம் குறைவு என்று இதைச் சொல்வது தப்பு. தாமதம்தான் காரணம்.

ஸ்போர்ட்ஸ் பைக் சீட்டை ஏன் இவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள்? வளைவில் படுத்துத் திரும்பும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசக் கூடாது, அதனால் ஃபுட்ரெஸ்ட் மேலே போகிறது. முழங்கால் மடங்க இடம் வேண்டும், அதனால் சீட்டும் கூடவே மேலே போகிறது. ஓட்டுபவரின் எடை முன் சக்கரத்தின் மேல் விழ வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஆர்15-இல் சீட் உயரம் 815 மி.மீ. நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஸ்பிளெண்டரில் 785.

வெறும் 3 செ.மீ. வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் சீட் உயரம் என்ற அந்த எண் பாதிக் கதைதான். 152 செ.மீ. உயரமுள்ளவரின் உள்கால் நீளம் 69 செ.மீ. அளவில் இருக்கும். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தொடைகளுக்கிடையில் ஒரு கெட்டி அட்டை நோட்டை மேலே இறுக்கிப் பிடித்து, அதன் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் கிடைப்பது அது. ஷூ அடி 2 செ.மீ. சேர்த்தால் 71. ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி சீட் 79 செ.மீ.க்கு இறங்கும் என்று தாராளமாகவே கணக்கிடுவோம். இடைவெளி 8 செ.மீ. இதோடு முடியவில்லை. சீட்டின் அகலம் தொடைகளை வெளியே தள்ளுகிறது. கால் நேராகத் தொங்காமல் 20 டிகிரி விரிந்தால் அதன் எட்டும் தூரத்தில் 6 சதவீதம், அதாவது 4 செ.மீ., காணாமல் போகும். மொத்தம் 12. பாதத்தை முழுசாக எக்கினால்தான் கட்டைவிரல் நுனி படும். ஷோரூமில் நடந்தது அதுதான். அகலமான 780-ஐவிடக் குறுகலான 800 பல பேருக்கு எட்டும். விளம்பர அட்டையில் இதைப் போட மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஸ்பிரிங் பெரும்பாலும் கனமான ஆளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 45 கிலோ ஆள் உட்கார்ந்தால் அது சரியாக அமுங்காது. குட்டையான, ஒல்லியான ஆளுக்கு வண்டி மற்றவர்களுக்கு இருப்பதைவிட உயரம்! ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற வசதியுள்ள வண்டி என்றால் முதலில் அதைத் தளர்த்திப் பாருங்கள். ஆள் உட்கார்ந்ததும் பின்பக்கம் சுமார் 3 செ.மீ. இறங்குவது இயல்பான அளவு. இதற்குச் செலவு கிடையாது.

இனி மெக்கானிக் செய்த வேலை. ஆர்15-இல் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே லிங்க் உண்டு. அதன் இரண்டு தகடுகளும் பார்க்க எலும்புத்துண்டு போல இருப்பதால் 'டாக்போன்' என்பார்கள். சற்று நீளமான தகடுகளை மாட்டினால் வண்டியின் பின்புறம் இறங்கும். (கேடிஎம் ஆர்சி 390-இல் ஷாக் நேரடியாக மாட்டியிருக்கிறது, லிங்க் இல்லை. அங்கே இந்த வித்தை பலிக்காது.) ஒரு மணி நேர வேலை, மலிவு. ஆனால் பின் சக்கரத்துக்கு மேலே 25 மி.மீ. இறக்கினால் சீட் 25 மி.மீ. இறங்காது. ஓட்டுபவர் உட்காருவது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, பின்புறத்தை ஒட்டி. அங்கே கிடைக்கும் இறக்கம் 18 மி.மீ. அளவுதான்.

அந்த 18-க்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஆர்15-இன் சக்கர இடைவெளி 1325 மி.மீ. பின்னால் 25 மி.மீ. இறங்கினால் வண்டி மொத்தமும் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகப் பின்னால் சாய்கிறது. ஹெட்லைட்டும் கூடவே நிமிர்கிறது. 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 90 செ.மீ.க்கு மேல் உயர்ந்து எதிரே வருபவர் கண்ணில் குத்தும். முன் ஃபோர்க்கின் சாய்வும் அதே அளவு கூடுகிறது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது சக்கரம் தானாகப் பின்னால் திரும்பி நேராக ஓடுமல்லவா? பைக்கின் முன் சக்கரத்திலும் அதே ஏற்பாடு உண்டு. ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். ஒரு டிகிரி சாய்வுக்கு அது 6 மி.மீ. போலக் கூடும். வண்டி நேர்க்கோட்டில் சொன்னபடி போகும், வளைவில் திரும்ப மட்டும் சோம்பும். குறுக்கே வரும் ஆட்டுக்காக நெளிக்க வேண்டிய சாலைகளில் இது சின்ன விஷயமில்லை.

இதைச் சரிக்கட்ட, கிளாம்பைத் தளர்த்தி முன் ஃபோர்க் குழாய்களைக் கொஞ்சம் மேலே ஏற்றுவார்கள். முன்பக்கமும் இறங்கிச் சாய்வு பழைய இடத்துக்கு வரும். ஆனால் பெரிய பள்ளத்தில் விழும்போது முன் மட்கார்டு ரேடியேட்டரைப் போய் இடிக்காமல் இருக்க வேண்டும். பின்னால் டயர் சீட்டின் அடிப்பக்கத்தை இடிக்கக் கூடாது. சக்கரம் ஏறி இறங்கும் தூரம் பழையபடியே இருக்க, அதற்கு மேலே இருந்த காலி இடம்தான் குறைந்திருக்கிறது. சைடு ஸ்டாண்ட் கதையும் இதேதான்: வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் நீளம் மாறவில்லை. இடப்பக்கம் சாயவேண்டிய வண்டி ஏறத்தாழ நிமிர்ந்து நின்றது. காற்றோ பூனையோ தொட்டால் வலப்பக்கம் விழும். ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டும் என்று அந்த மெக்கானிக் சொல்லவில்லை.

வண்டியின் மூல வடிவத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

என் கணக்குப்படி முதலில் போக வேண்டியது சீட் தைப்பவரிடம். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம். ஃபோமில் 2 செ.மீ. சீவலாம். அதைவிட முக்கியம், தொடை இறங்கும் முன்பகுதியில் இரண்டு ஓரங்களையும் செதுக்கச் சொல்வது. கால் விரிவு 20 டிகிரியிலிருந்து 15-க்கு வந்தால் இன்னும் 1.8 செ.மீ. எட்டும். அடி தடித்த ரைடிங் பூட்ஸ் மேலும் 2 செ.மீ. கொடுக்கும். ஆக 12 செ.மீ. இடைவெளி பாதியாகி, விரல் நுனிக்குப் பதில் முன்பாதம் பதிகிறது. ஸ்டீயரிங்கில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. நீண்ட பயணத்தில் பிருஷ்டம் வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பாதமும் தட்டையாக ஊன்ற வேண்டும் என்பதே தேவையில்லாத ஆசை என்று நினைக்கிறேன். ஸ்பெயினின் டேனி பெட்ரோசா ஏறத்தாழ 160 செ.மீ. உயரம். குறைந்தபட்ச எடையே ஏறத்தாழ 150 கிலோ இருந்த மோட்டோஜிபி வண்டிகளில், 2006 முதல் 2018 வரை ஹோண்டாவுக்காகப் போட்டியிட்டு 31 பந்தயங்களை வென்றார். நிற்கும்போது இடுப்பைச் சீட்டின் ஒரு பக்கம் நகர்த்தி ஒரே காலை முழுதாக ஊன்றினால் போதும். வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். ஊன்றப்போகும் இடத்தை நிற்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால், இடது காலுக்குத் தரை எப்போதும் சற்றே ஆழத்தில் இருக்கும். ஓரத்தை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பது நல்லது.

மருமகளின் வண்டியில் பழைய லிங்க் திரும்ப ஏறிவிட்டது. சீட்டில் 2 செ.மீ. குறைந்திருக்கிறது, பூட்ஸ் அடியில் 2 செ.மீ. கூடியிருக்கிறது. கிளட்ச் லீவர் மட்டும் புதிது.