ஓதமும் வளிச்சீராக்கியும்

‘ஓதம்’ என்பது பழஞ்சொல். கடல், அலை, ஈரம் என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. நெய்தல் நிலத்தார்க்கு முன்னிரண்டும் பொருந்தும். ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் அமைந்த அப்புத்தளையில் வாழும் நமக்கோ மூன்றாவதே பொருள். சுவரில் ஓதம், கம்பளியில் ஓதம், புத்தக அலுமாரியைத் திறந்தால் முதலில் முகத்தில் அறைவதும் ஓதத்தின் நாற்றமே. தெற்கே தாழ்நிலத்திலிருந்து எழும் வெம்மையான ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறுகின்றது. ஏற ஏறக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று தன் நீராவி முழுவதையும் தாங்கமாட்டாது. தாங்காத பகுதி நுண்துளியாகி, மூடுபனி என்னும் பெயருடன் நம் கடைத்தெருவுக்குள் பிற்பகலில் நுழைகின்றது.

இதனை இங்கு எடுத்துக் கூறுதற்குக் காரணம் கொழும்பிலிருந்து வந்த ஒரு மடல். வெள்ளவத்தையில் மாடிமனையொன்றில் வாழும் பழைய மாணவர் எழுதியிருந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த தம் தந்தையார் தேடிச் சேர்த்த நூல்களை, அப்புத்தளைப் பனியிலிருந்து காக்க எண்ணி அங்கே கொண்டுசென்றாராம். இரவும் பகலும் குளிரூட்டி ஓடும் அறையில் அவற்றை வைத்தாராம். ஆறு திங்களில் அட்டைகளின்மேல் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. “பனியில்லாத ஊரில், ஐயா, இது எவ்வாறு நேர்ந்தது?” என்பது அவர் வினா.

விடை பெயரிலேயே இருக்கின்றது. ‘குளிரூட்டி’ என்று நாம் வழங்கும் பொறி முதன்முதலிற் பிறந்தது மனிதனைக் குளிர்விப்பதற்கு அன்று, கடதாசியைக் காப்பதற்கு. 1902ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தார் பெரும் இடர்ப்பட்டனர். கோடைக்காலத்து ஈரத்தைக் குடித்துத் தாள் விரியும். ஈரம் நீங்கச் சுருங்கும். ஒரு நிறத்தின்மேல் மறுநிறத்தை அச்சிடும்பொழுது இரண்டும் பொருந்தா. வில்லிசு கரியர் என்னும் இளம் பொறியியலாளர், குளிர்ந்த சுருளின்மீது காற்றைச் செலுத்தி, அதன் நீரைப் பனிபோற் படியச்செய்து வடித்தெடுக்கும் அமைப்பொன்றை வகுத்தார். நோக்கம் ஈரத்தை ஓர் அளவில் நிறுத்துவது. குளிர்ச்சி அதனோடு வந்த பயன். நம் நாட்டுக் கலைச்சொல்லாக்க அறிஞர்கள் இதற்கு ‘வளிச்சீராக்கி’ எனப் பெயரிட்டமை மிகப் பொருத்தமானது. ஆனால் வாய்ச்சொல் ‘குளிரூட்டி’ என்றே நிலைத்துவிட்டது. குளிர்ந்தாற் போதும் என்னும் எண்ணமும் அதனுடன் நிலைத்துவிட்டது.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் ‘சாரீரப்பதன்’ என்னும் சொல்லை அறிவர். (சார் + ஈரப்பதன் எனப் பிரியாது, பாடகரின் சாரீரம்போல அதனை இசைத்து வாசிக்கும் பிள்ளைகளும் உளர்.) குறித்த வெப்பநிலையில் காற்றுத் தாங்கத்தக்க நீராவியில் எத்தனை பங்கை அது இப்போது தாங்கி நிற்கின்றது என்பதே அதன் பொருள். கொழும்பில் 30 பாகை வெப்பமும் 75 விழுக்காட்டுச் சாரீரப்பதனும் உள்ள ஒரு நாளைக் கருதுக. ஒரு கன மீற்றர்க் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீர் இருக்கும். அக்காற்றை 24 பாகைக்குக் குளிர்வித்தால் அது தாங்கத்தக்கது 22 கிராமளவே. ஆகவே, நீரை வடிக்காது குளிர்விக்க மட்டும் செய்தால் அறைக்காற்று முற்றும் நிரம்பிவிடும். அதாவது வெள்ளவத்தை அறைக்குள் ஓர் அப்புத்தளையைச் செய்துவைத்தவராவோம்! நூல்களுக்கு ஏற்ற 55 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டுமெனின், ஒவ்வொரு கன மீற்றரிலிருந்தும் 11 கிராம் அளவு நீர் வெளியேறல் வேண்டும். அந்நீர் வெளியேறும் வழி, வீட்டின் பின்புறத்தே சொட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய். நம் மலையும் காற்றைக் குளிர்விக்கும் பெரும்பொறியே. அதற்கு அக்குழாய் இல்லை.

பொறியிருந்தும் நீர் வடியாமை ஏன்? அறைக்கு வேண்டியதினும் பெரிய பொறியை வாங்கிப் பொருத்துவது முதற் காரணம். அது சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும். சுருள் நன்கு குளிர்ந்து, அதன்மேல் நீர் திரண்டு, வழிந்து குழாயைச் சேர்வதற்குக் காலம் வேண்டும், அக்காலம் கிடைப்பதில்லை. பொறி ஓய்ந்தபின்னும் விசிறி சுழலுமாயின் சுருளில் ஒட்டிய நீர் மீண்டும் காற்றிற் கலந்துவிடும். விசிறியைத் தானியங்கு நிலையில் வைத்தல் இதற்கு மருந்து. கதவிடுக்கால் வெளிக்காற்று நுழைதல், குளியலறைக் கதவு திறந்துகிடத்தல், அறைக்குள்ளேயே துணி உலர்த்தல் ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் தீயது ஒன்றுண்டு. வெப்பநிலையை 18 பாகைக்கு இறக்கி இரவெல்லாம் ஓட்டிவிட்டு, காலையில் பொறியை நிறுத்திச் சன்னல்களை அகலத் திறப்பது பலர் வழக்கம். குளிர்ந்த வங்கியிலிருந்து தெருவுக்கு வந்தவுடன் மூக்குக்கண்ணாடி மங்குவதைக் கண்டிருக்கின்றோம். அதுவே குளிர்ந்த நூலட்டைக்கும், சுவரை ஒட்டிய அலுமாரியின் முதுகுக்கும் நாள்தோறும் நேர்கின்றது. மாணவருக்கு நாம் எழுதிய விடை இது: வெப்பநிலை 25 அல்லது 26 பாகையில் நிற்கட்டும், அலுமாரி சுவரிலிருந்து ஒரு சாண் விலகட்டும், ஈரமானி ஒன்றை வாங்கி நூல்களின் அருகே வையும், அது 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நிற்குமாயின் ஈரமகற்றும் பொறி ஒன்றே வழி. அப்பொறி தானெடுத்த நீரைத் தொட்டியிற் காட்டும். அறையைச் சிறிது சூடாக்கவும் செய்யும், அது குற்றமன்று.

சூடு குற்றமன்று என்பதை மலையகத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 15 பாகையில் முற்றும் நிரம்பிய காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் ஏறத்தாழ 73 விழுக்காடாக இறங்கும். தேயிலைத் தொழிற்சாலை இக்கணக்கின்மேல் நடப்பது. கொழுந்து வாட்டும் தட்டுகளின்கீழ் விசிறி காற்றைச் செலுத்தும். மழைநாளில் சூடான காற்றையும் கலப்பர். ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானிகளின் வேறுபாட்டைப் பார்த்து அளவு தீர்மானிப்பர். அதே கட்டடத்தில் அரைத்த கொழுந்தைப் புளிக்கவைக்கும் அறைக்கோ ஈரம் மிக வேண்டும். அங்கே நீரைப் பனிபோலத் தூவுவர். பின்னர் அடுப்பில் 3 விழுக்காட்டு ஈரம் எஞ்சும்வரை உலர்த்துவர். எந்த அறைக்கு எவ்வளவு ஈரம் என அறிந்து நடத்தும் இக்கலை தேயிலைக்குக் கிடைத்தது. அதனைப் பறித்தவர் படுத்துறங்கும் லயத்துக்குக் கிடைக்கவில்லை. தகரக் கூரையின் அடியில் இரவில் நீர் திரண்டு சொட்டும். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் மை ஊறிப் பரவும். அடுப்படியொன்றே உலர்ந்த இடம், அங்கே புகை.

மலையகக் குடும்பத்துக்குக் கடதாசி என்பது நூல் மட்டுமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், தாம் இங்குப் பிறந்தவர், தம் தந்தையும் இங்குப் பிறந்தவர் என்பதைத் தாள்கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய நிலை நம் மக்களுக்கு நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை இலட்சக்கணக்கானோரை இரு நாடுகளுக்கும் எண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எஞ்சியோரிற் பலர் நாடற்றவராகவே இருந்தனர். அக்காலமெல்லாம் பிறப்புச் சான்றும் விண்ணப்பப் பிரதியும் தகரப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியிற் கிடந்தன. ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்கும்போது எழுத்தும் உடன் உரிந்து வந்த வீடுகள் உண்டு. காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் அத்தாள்கள் இன்றும் கேட்கப்படுகின்றன.

முன்னர் அலுமாரிக்குள் ஒரு மின்குமிழை எரியவிடுவார்கள். இக்காலத்துக் குமிழ்கள் ஒளி தருகின்றனவேயன்றி அவ்வளவு சூடு தருவதில்லை. பழைய குமிழோ தாளருகே தீக்கு இடமாகும். ஆகவே காலமறிந்து உலர்த்துவதே சிறந்தது. ஆடி, ஆவணித் திங்களில் ஊவாவின்மேல் வறண்ட காற்று வீசும். நம் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைத் தருவதும் அக்காற்றே. அந்நாட்களில் முற்பகலிலே பெட்டியைத் திறந்து, தாள்களையும் நூல்களையும் வெயில் படாத நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்து வைக்க. வெயில் மையை வெளுப்பிக்கும். ஓலைச்சுவடியாயின் முறிக்கவும் செய்யும். சுவடி வைத்திருப்போர் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தடவலாம். பூஞ்சணம் பிடித்த நூலை வீட்டுக்குள் தட்டாது, நன்கு உலர்ந்தபின் வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் துடைக்க. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க. இராமபாணப் பூச்சி ஓடினால் உள்ளே இன்னும் ஈரம் உண்டென அறிக. தாள்களைப் பிற்பகல் மூடுபனி ஏறுமுன் அள்ளிப் பெட்டியில் இட்டு இறுக மூடிவிடல் வேண்டும். பனியேறிய பின் மூடினால் பனியையும் சேர்த்துப் பூட்டியதாகும்.