ஏரியைத் தாங்கும் சாலைகள்

வீராணம் ஏரிக்கரையின் மேல் வண்டிகள் ஓடுகின்றன. அந்தக் கரை சோழர் காலத்தில் தண்ணீரைத் தேக்கவென்றே போடப்பட்டது. தார்ச்சாலை பின்னால் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே சாலைகள்தான் முதலில் இருந்தன. ஏரி பிறகு அவற்றைத் தேடி வந்தது.

அந்த ஏரியின் பெயர் டெவில்ஸ் ஏரி. மழையும் பனி உருகலும் கொண்டுவரும் நீர் அதற்குள் வந்து சேரும்; வெளியேற ஆறு கிடையாது. இயற்கையாக, வெயில் குடித்தால்தான் குறையும். ஆகவே ஈரமான ஆண்டுகள் தொடர்ந்தால் ஏரி வளர்ந்துகொண்டே போகும். 1993இல் தொடங்கிய ஏற்றம் 2011 வரை நீடித்தது. நீர்மட்டம் 30 அடிக்கு மேல் உயர்ந்தது. சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால், பரப்பு நான்கு மடங்கையும் தாண்டியது. ஒரு காலத்தில் ஏரியிலிருந்து சுமார் 8 மைல் தள்ளியிருந்த மின்னிவாக்கன் என்ற சிற்றூரின் வாசலுக்கே தண்ணீர் வந்துவிட்டது.

சாலை மூழ்கப்போகிறது என்றால் முதலில் தோன்றுவது, மண் கொட்டி உயர்த்துவது. ஆனால் உயரத்தின் கணக்கு பொல்லாதது. 30 அடி அகலச் சாலை ஒன்று 10 அடி உயர மண்மேட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டின் இருபக்கமும் 1 அடி உயரத்துக்கு 3 அடி என்ற சரிவு. அதன் அடி அகலம் 90 அடி. குறுக்குவெட்டு 600 சதுர அடி. உயரத்தை 20 அடியாக்கினால் அடி அகலம் 150 அடி. குறுக்குவெட்டு 1800 சதுர அடி. உயரம் இரு மடங்கு, மண் மூன்று மடங்கு. அதிலும் ஒரு பகுதி மண் தண்ணீருக்குள், ஊறிய தரையின்மேல் விழ வேண்டும்.

செலவைவிடப் பெரிய ஆபத்து வேறு. தாழ்வான இடங்களைக் கடந்து சென்ற சில சாலைகளில், ஏரி ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் வீடும் வயலும் ஏரிமட்டத்துக்குக் கீழே காய்ந்து கிடந்தன. அதாவது, யாரும் வடிவமைக்காமலே சாலை அணையாகிவிட்டது. ஸ்பிரிட் லேக் பழங்குடியினரின் நிலப்பகுதியில் இப்படிப்பட்ட சாலைகள் பல இருந்தன.

சாலைக்கான மண்மேடு மேலிருந்து வரும் வண்டியின் எடையைத் தாங்கப் போடப்படுவது. அணை பக்கவாட்டில் வரும் நீரின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எந்த மண்கரையிலும் நீர் கசியும். கசிவு தெளிந்த நீராக இருக்கும்வரை பெரும்பாலும் கவலையில்லை. கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணும் வெளியேறுகிறது என்று பொருள். இந்த அரிப்பு, நீர் வெளியே வரும் காய்ந்த பக்கத்தில் தொடங்கி, ஏரியை நோக்கிப் பின்னோக்கித் துளைத்துக்கொண்டு போகும். துளை ஏரியை எட்டியதும் கரை சில மணி நேரத்திலேயே உடையலாம். மேலே தார் ஓட்டை உடைசல் இல்லாமல் இருக்கும்போதே இது நடக்கும். சாலைக்கடியில் போட்ட பழைய குழாய்களும் கசிவுக்கு வழி காட்டும். முறையான அணையில் நீர் புகாத களிமண்ணும், நீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் மணல் வடிகட்டியும் இருக்கும். சாலை மேட்டில் அவை இரண்டும் இல்லை.

பிறகு என்ன வழி? ஒன்று, சாலையை உண்மையான அணையாகவே மாற்றிக் கட்டுவது. மற்றொன்று கேட்க விநோதமாக இருக்கும்: குழாய்களைத் திறந்து மறுபக்கமும் தண்ணீரை விடுவது. இருபக்கமும் மட்டம் ஒன்றானால் அழுத்தம் சமமாகும். கசிவை உந்த எதுவும் இராது. சாலை பிழைக்கும், ஆனால் அதன் பின்னால் இருக்கும் நிலம் மூழ்கும். மூன்றாவது வழி, சாலையைக் கைவிட்டுச் சுற்றிப்போவது. ஆகவே இது தார் போடுவது பற்றிய முடிவே அல்ல. காய்ந்த பக்கத்தில் இருப்பவர்களின் வீடும் வயலும் என்னவாக வேண்டும் என்ற முடிவு. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய போக்குவரத்துச் சட்டம் இத்தகைய சாலைகளுக்கென்றே பணம் ஒதுக்கியது.

எவ்வளவு உயரம் போதும் என்பதற்கு மட்டும் இயற்கையே ஒரு விடை வைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1458 அடியைத் தொட்டால், ஏரி தானாகவே வழிந்து ஷையென் ஆற்றில் கலக்கும். கடந்த 4000 ஆண்டுகளில் குறைந்தது இரண்டு முறை அப்படி வழிந்ததற்கு நிலவியல் சான்று உண்டு. நம் ஏரிகளுக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. 2011இல் நீர் 1454 அடியைத் தாண்டியது. மிச்சம் நான்கடிக்கும் குறைவு. ஒரு சாலை நிலைக்க வேண்டுமானால் அந்த 1458ஐயும், அதற்கு மேல் எழும் அலையையும் கணக்கில் வைத்துக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஓரடி என்று ஏரியோடு போட்டி போட்டு உயர்த்துவதுதான் மூன்று வழிகளையும்விடச் செலவு மிகுந்த நான்காவது வழி.