அடுப்படியில் ஊர் மணம்! விரலில் மை இல்லை!

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி. விருதுநகரில் காலை மணி 8. பார்லிமெண்ட் தேர்தலில் பதிவான ஓட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

அதே நேரம் லண்டனில் விடியற்காலை 3½ மணி. துபாயில் காலை 6½ மணி. சிங்கப்பூரில் காலை 10½ மணி. நியூயார்க்கிலோ முந்திய நாள் இரவு 10½ மணி!

இந்த நகரங்களில் எல்லாம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஓட்டு எண்ணுகிற நாளில் அவர்களுக்கு உறக்கம் ஏது? அடுப்பில் காப்பிக்குப் பால் காயும். பக்கத்தில் கைபேசி சுற்றுக்குச் சுற்று ஓட்டுக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த முறை விருதுநகர் தொகுதியில் போட்டி கடுமை. காங்கிரஸ் கட்சியின் மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன், பா.ஜ.க.வின் ராதிகா சரத்குமார் ஆகியோர் முக்கிய வேட்பாளர்கள். ஒரு சுற்றில் ஒருவர் முந்துவார்; அடுத்த சுற்றில் இன்னொருவர் முந்துவார். கடைசியில் மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்.

பல லட்சம் பேர் ஓட்டுப் போட்ட தொகுதியில் வித்தியாசம் நாலாயிரத்துச் சொச்சம்தான்! கடல் கடந்து இருந்தவர்களும் இதைக் கேட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடாதவர்கள். மனம் இல்லாமல் அல்ல, வழி இல்லாமல்!

டீக்கடை பெஞ்சு

விருதுநகரிலும், சிவகாசியிலும், சாத்தூரிலும் அரசியல் பேச ஓர் இடம் உண்டு. அதுதான் டீக்கடை பெஞ்சு. காலையில் பத்திரிகை வரும். ஒருவர் உரக்கப் படிப்பார். நாலு பேர் கேட்பார்கள். ஐந்தாவது ஆள் மறுத்துப் பேசுவார். டீ ஆறிப் போகும், பேச்சு ஆறாது.

சமையல் நடப்பது வேறு இடத்தில், வீட்டு அடுப்படியில். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் ஆண்கள். ஊரில் அரசியலும் அடுப்பும் சேர்வது அபூர்வம்.

அயல் நாடு போனதும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே டீக்கடை பெஞ்சு இல்லை. வேலை முடிந்து வந்தால், நாலு பேர் கூடுகிற இடம் அடுப்படி ஒன்றுதான். துபாயிலும் குவைத்திலும் ஒரே அறையில் பலர் தங்கியிருப்பார்கள். முறை போட்டுச் சமைப்பார்கள். இன்று ஒருவர் குழம்பு, நாளை இன்னொருவர் ரசம். ஊரில் ஒரு தம்ளர் தண்ணீர் கூடக் காய்ச்சி அறியாத பிள்ளை அங்கே புளி கரைக்கிறான்! வெங்காயம் நறுக்கும்போதே ஊர்த் தேர்தலைப் பற்றி வாதம் நடக்கும்.

குடும்பத்தோடு இருப்பவர்கள் வீட்டிலும் அப்படித்தான். கணவன் சப்பாத்தி இடுகிறான். மனைவி கைபேசியில் வந்த செய்தியைப் படித்துக் கருத்துச் சொல்கிறாள். ஊரில் பெஞ்சில் அவளுக்கு இடம் இருந்ததில்லை. அயல் நாட்டு அடுப்படியில் அவள் சொல்லுக்கும் இடம் உண்டு.

எண்ணெய் புரோட்டா

விருதுநகர் என்றதும் பலருக்கு நினைவு வருவது எண்ணெய் புரோட்டா. மைதா மாவில் உப்பும், சிறிது சர்க்கரையும், எண்ணெயும் சேர்த்துத் தளரப் பிசைவார்கள். ஈரத் துணி போட்டு மூடி ஊற வைப்பார்கள். பிறகு மாவை மெல்லிசாக வீசி, சுருட்டி, தட்டுவார்கள். மற்ற ஊர்களில் கல்லில் போட்டு எடுப்பார்கள். இங்கேயோ எண்ணெயில் போட்டு மொறுமொறுப்பாகப் பொரித்து எடுப்பார்கள். உடைத்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றினால் அதன் ருசியே தனி.

லண்டனில் மாவு வீச நேரம் ஏது? கடையில் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விற்கும் புரோட்டாவை வாங்கி வருகிறார்கள். அதை வாணலி எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட ஊர் ருசி வந்துவிடுகிறது.

ஆனால் சால்னாவுக்கு மிளகாய் வற்றலை வறுக்கும்போதுதான் வினை! அந்த நாட்டு வீடுகளில் புகையைக் கண்டால் அலறும் கருவி கூரையில் உண்டு. தீப் பிடித்தால் எச்சரிக்க வைத்தது அது. மிளகாய்ப் புகைக்கும் அது கூச்சல் போடும். உடனே ஒருவர் ஜன்னலைத் திறப்பார். இன்னொருவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறுவார். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும்.

இட்லி மாவும் எளிதில் அடங்காது. குளிர் நாட்டில் மாவு புளிப்பதில்லை. அதனால் அணைத்து வைத்த ரொட்டி அடுப்புக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, உள்ளே உள்ள விளக்கை மட்டும் எரிய விடுவார்கள். அந்தச் சின்னச் சூட்டில் விடிவதற்குள் மாவு பொங்கிவிடும்.

பால்கோவா கிண்டும் நேரம்

சாத்தூர் சேவைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். அது பல நாள் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அப்படி அல்ல. 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஊரின் பெயரோடு சேர்ந்த பண்டம் என்று சர்க்கார் கொடுத்த முத்திரைதான் அந்தக் குறியீடு. அப்படிப்பட்ட பால்கோவாவையும் பிரிட்டனுக்குள் எடுத்துப் போக முடியாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பால் பண்டங்களைக் கொண்டு வரக்கூடாது என்பது அந்த நாட்டின் விதி. கால்நடை நோய் பரவாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு.

ஆகவே வீட்டிலேயே கிண்ட வேண்டியதுதான். பாலும் சர்க்கரையும் போதும். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு லிட்டர் பால் சுண்டிக் கெட்டியாவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். கரண்டியை விட்டுக் கை எடுக்கக்கூடாது. எடுத்தால் அடிப் பிடிக்கும்.

ஒரு மணி நேரம் அடுப்பு முன் சும்மா நிற்க முடியுமா? கைபேசியில் ஊர்ச் செய்தி ஓடுகிறது. செய்தி முடிந்ததும் ஊரிலிருந்து தாயின் குரல்.

"ஏம்பா, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. பால் சுண்டிக்கிட்டு இருக்கு. அங்க யாரும்மா ஜெயிப்பாங்க?"

"அது கெடக்கட்டும். நீ அடிப் பிடிக்காமக் கிண்டு!"

அன்று கப்பல் பத்திரிகை

இது இன்று தோன்றிய பழக்கம் அல்ல. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர்கள் பிழைக்கப் போன காலத்திலேயே ஊர்ச் செய்திக்கு ஏங்கினார்கள். 1924-ல் மலேயாவில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1935-ல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' பிறந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் படிப்பார். தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். 'தமிழ் நேசன்' 2019-ல் நின்றுவிட்டது.

லண்டனிலிருந்து பி.பி.சி.யின் 'தமிழோசை' 1941-ல் தொடங்கியது. உலகப் போர்க் காலம் அது. எழுபத்தாறு ஆண்டுகள் ஒலித்து, 2017-ல் அந்த வானொலி நிகழ்ச்சி நின்றது. இப்போது அந்த வேலையைக் கைபேசி செய்கிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. அன்றும் அவர்கள் கேட்கத்தான் முடிந்தது. அங்கிருந்தே ஓட்டுப் போட முடியவில்லை. இன்றும் அப்படித்தான்.

1,285 ஓட்டு

ஓர் ஓட்டின் மதிப்பு விருதுநகர்க்காரர்களுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

காமராஜர் பிறந்த ஊர் விருதுநகர். 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி அவர் பிறந்தார். சாத்தூர் தொகுதியில் 1957-லும் 1962-லும் சட்டசபைக்கு வெற்றி பெற்றார். 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே நின்றார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் அவர். இரண்டு பிரதம மந்திரிகள் பதவிக்கு வரக் காரணமாக இருந்தவர். எதிர்த்து நின்றவர் தி.மு.க.வைச் சேர்ந்த பெ. சீனிவாசன் என்ற இளைஞர்.

முடிவு நாட்டையே திகைக்க வைத்தது. சீனிவாசன் 33,421 ஓட்டு. காமராஜர் 32,136 ஓட்டு. வித்தியாசம் 1,285!

அன்று 1,285. 2024-ல் 4,379. இந்தச் சீமையில் சில தெருக்களின் ஓட்டு, முடிவையே மாற்றிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலைக்காக வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டால் முன்பு வாக்காளர் பட்டியலில் இடம் கிடையாது. 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியக் குடியுரிமையை விடாதவர்கள், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று வழி பிறந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. ஓட்டுப் போட அவர் நேரில் வரவேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தபாலில் போட முடியாது. வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் போட முடியாது. ராணுவத்தாருக்கும், தூதரகத்தில் வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கும் தபால் ஓட்டு உண்டு. அதே நாட்டில் கட்டிடம் கட்டுகிற கொத்தனாருக்கு இல்லை.

2024-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு. அன்று விருதுநகரில் ஓட்டுப் போட, துபாயில் உள்ள தொழிலாளி என்ன செய்ய வேண்டும்? முதலாளியிடம் லீவு வாங்க வேண்டும். விமான டிக்கெட் எடுக்க வேண்டும். ஓர் ஓட்டுக்குச் சேமிப்புக் காசு போய்விடும்.

பலன் என்ன? அந்தத் தேர்தலில் இந்தியா முழுவதும் வெளிநாட்டு வாக்காளர்களாகப் பதிந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். இவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். நாடு முழுவதும் சேர்ந்த இந்த ஓட்டு, விருதுநகர் என்ற ஒரே தொகுதியின் வித்தியாசத்தைவிடக் குறைவு!

இருவேறு கருத்து

இதற்கு மாற்று வழி தேடாமல் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் தனக்குப் பதிலாக ஊரில் உள்ள ஒருவரை ஓட்டுப் போடச் சொல்லலாம் என்று ஒரு மசோதா வந்தது. 2018-ல் லோக்சபையில் நிறைவேறியது. ராஜ்யசபையில் நிறைவேறும் முன்பே, 2019-ல் லோக்சபையின் காலம் முடிந்து மசோதா காலாவதி ஆகிவிட்டது. 2024 தேர்தல் வரை நேரில் வரவேண்டும் என்ற விதியே நின்றது.

எதிர்ப்புச் சொல்பவர்களும் நியாயம் இல்லாமல் சொல்லவில்லை. "பதிலாள் போடும் ஓட்டு ரகசியமாக இருக்குமா? சொன்ன சின்னத்தில்தான் போட்டான் என்பதற்கு என்ன உறுதி? ஊரின் தண்ணீர்க் கஷ்டத்தை அனுபவிக்காதவர் ஊரின் தலைவிதியை முடிவு செய்யலாமா?" என்று கேட்கிறார்கள்.

அதற்கு மறுபக்கத்தார் பதில் சொல்கிறார்கள். "கஷ்டத்தை அனுபவிக்கவில்லையா? ஊரில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுப்பது யார் அனுப்பும் பணம்? பட்டாசு ஆலையில் விபத்து என்று செய்தி வந்தால், ஆலையின் பெயரைத் தேடிக் கை நடுங்குவது யாருக்கு? தாயும் தங்கையும் அங்கே இருக்கும்போது ஊர்க் கவலை விட்டுப் போகுமா?"

சிவகாசியில் ஆலை வேலைக்குப் போகும் உறவினர்கள் உள்ளவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வியின் பொருள் நன்றாகப் புரியும்.

வீட்டார் செய்யலாம்

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிள்ளை உள்ள குடும்பத்தார் ஒரு வேலை செய்யலாம். 6-ஏ என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பும்படி பிள்ளைக்குச் சொல்லலாம். தேர்தல் கமிஷனின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு ஊருக்கு வரும் லீவைத் தேர்தல் நாளை ஒட்டி அமைத்துக்கொண்டால், திருவிழாவும் பார்க்கலாம், ஓட்டும் போடலாம். வரும்போது பாஸ்போர்ட்டை மறக்கக்கூடாது. ஊருக்கே திரும்பி வந்துவிட்டால், பெயரைச் சாதாரண வாக்காளராக மாற்றிப் பதிய வேண்டும்.

அயல் நாட்டுத் தமிழ் வீடுகள் பலவற்றில், அடுப்படிச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். சிவகாசியில் அச்சாகும் காலண்டர் அது. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் ஊர்க் கணக்கில் இருக்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலை ஒரு தாளைக் கிழிப்பது. இட்லிப் பானை ஆவி விடும். கைபேசி ஊர்ச் செய்தி சொல்லும். அங்கே இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

ஊரின் ருசியை எந்த நாட்டு அடுப்பிலும் கொண்டு வந்துவிடலாம். விரலில் வைக்கும் மைக்கு மட்டும் விருதுநகருக்குத்தான் வரவேண்டும்!