முத்துக் கடலில் ஒரு விஷ நத்தை

தூத்துக்குடிக் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கும் குழந்தைகளுக்குக் கூம்பு வடிவமான சிப்பியொன்று அகப்படுவதுண்டு. சித்திர வேலை செய்தாற்போல் மேலே புள்ளியும் வரியுமாயிருக்கும். வெற்றுக் கூடாயின் பயமில்லை, உயிரோடிருந்தால் தொடலாகாது. உள்ளிருக்கும் நத்தை, ஈட்டி போன்ற பல்லால் இரையைக் குத்தி விஷமேற்றும் இனம். அவ்வினத்தில் மனிதரைக் கொன்ற ஜாதியும் உண்டு.

முத்துக் குளிப்பு இத்துறைமுகத்தில் 1961-ஆம் வருஷத்தோடு நின்று போயிற்று. விஞ்ஞானிகளோ இன்று இந்த நத்தையின் விஷத்தைத் தேடுகிறார்கள்!

அவ்விஷம் பல பெப்டைடுகளின் கலவை. அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சிறு சரமே பெப்டைடு. நீளமாகக் கோத்தால் புரதம். நத்தையால் மீனைத் துரத்த முடியுமா? ஆகவே அதன் விஷம் நொடியில் நரம்பை முடக்க வேண்டியிருக்கிறது. நரம்பின் மேல் சோடியம், கால்சியம் முதலியவை புகும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு பெப்டைடும் ஒவ்வொரு வாயிலுக்கேற்ற பூட்டு.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமேரோ ஒலிவேராவும், அவருடைய மாணவர் மக்கின்டாஷும் அமெரிக்காவில் இவ்விஷத்தை ஆராய்ந்தார்கள். 25 மணிகள் கொண்ட ஒரு சரம், முதுகுத்தண்டில் வலிச் செய்தி செல்லும் கால்சியம் வாயிலை அடைக்கக் கண்டார்கள். இருபது வருஷங்களுக்கு மேல் சோதனை நடந்தது. 2004 டிசம்பரில் 'சிகோனோடைடு' என்ற பெயரில் அமெரிக்க அரசாங்கம் அதை மருந்தாக அனுமதித்தது. விழுங்கினால் வயிறு ஜீரணித்துவிடும். ரத்தத்தில் ஏற்றினாலோ மூளையைக் காக்கும் அரண் தடுத்துவிடும். அதனால் சிறு பம்பு வைத்து, முதுகுத்தண்டு நீரிலேயே சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறார்கள். மார்பினைப்போல் அடிமையாக்குவதில்லை. ஆனால் புத்தித் தடுமாற்றம் உண்டாக்கக் கூடும். வேறு கதியற்ற கொடிய வலிக்கே கொடுப்பார்கள்.

நம் நாட்டார் வாளாவிருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பாலராமும், டாட்டா ஆராய்ச்சிக் கழகத்துக் கே. எஸ். கிருஷ்ணனும், உடனுழைத்தோரும், தென்கிழக்குக் கரையோரக் கடலில் எடுத்த நத்தையொன்றிலிருந்து 26 மணிச் சரத்தைப் பிரித்து, அது சோடியம் வாயிலை மூடவிடாது செய்வதை 2003-இல் வெளியிட்டார்கள்.

நிற்க. பெப்டைடு என்ற பெயர் இப்போது கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. பக்கவாதம் கண்டோருக்கு 'மூளைப் பலம்' என்று சொல்லிச் சில ஊசிகள் விற்கிறார்கள். நமக்குத் தெரிந்த உப்பளத் தொழிலாளி ஒருவரின் குடும்பம், நகையை அடகு வைத்து அத்தகைய ஊசி ஒரு வரிசை போட்டது. இவற்றில் பிரபலமானது பன்றி மூளையிலிருந்து எடுத்த பெப்டைடுக் கலவையாகிய செரிப்ரோலைசின். அதன் பரீட்சைகளை நடுநிலையாளர் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, பக்கவாதத்தில் அது உயிர் காப்பதாகத் தெரியவில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ நிரூபணமானது, அதுவும் புரதமே. ஆனால் தாக்குண்ட நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அந்த மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மறுநாள் காலையில். இப்போது மனைவி தினந்தோறும் கையைப் பிடித்து, முற்றத்தில் பத்தடி நடத்திவைக்கிறாள். நகை இன்னும் மீளவில்லை.